சூரிய கிரண் விடும் புகை எங்கிருந்து வருகிறது?

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். விமானப்படையின் 92-ஆம் ஆண்டையொட்டி 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த வான் சாகசத்தைப் பார்க்கக் குடும்பத்தோடு போயிருந்தாராம். "விமானம் எரிபொருளை எரித்துத்தான் புகை விடுகிறது என்றால், வேண்டும்போது விட்டு வேண்டாதபோது எப்படி நிறுத்துகிறார்கள்? சில இடங்களில் வண்ணத்தில் விடுகிறார்களே, அது எப்படி? மொட்டை மாடியில் காயும் துணியில் படியாதா?" என்று கேட்கிறார்.

விமானப்படையின் வான் சாகசக் குழுவான சூரிய கிரண் 1996-இல் தொடங்கப்பட்டது; இப்போது ஒன்பது ஹாக் ஜெட்களில் பறக்கிறது. ஜெட் இன்ஜின் வேலை செய்யும் விதம் பள்ளிப் பாடத்திலேயே உண்டு: காற்றை இழு, அழுத்து, எரி, பின்னால் தள்ளு. அந்த எரிதல் ஒழுங்காக நடந்தால் கண்ணுக்குப் புகையே தெரியாது. நாம் பார்க்கும் புகை எரிந்து வருவதே இல்லை. தனித் தொட்டியில் டீசல் போன்ற எண்ணெய் இருக்கிறது. விமானி பொத்தானை அழுத்தினால் மெல்லிய குழாய் வழியாக அது இன்ஜினின் வால் முனைக்கு வந்து, வெளியே பாயும் சூடான காற்றில் பீய்ச்சப்படுகிறது. பொத்தானை விட்டால் நின்றுவிடும்.

இனிமேல் நடப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். பல நூறு டிகிரி சூட்டில் எண்ணெய் நொடியில் ஆவியாகிறது. தீப்பிடிக்க அதற்கு நேரமில்லை; அதற்குள் வெளிக்காற்றோடு கலந்து குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த ஆவி திரும்பவும் திரவமாகத்தானே வேண்டும்? ஒரே இடத்தில் கூடிப் பெரிய சொட்டாக அவகாசம் இல்லாததால், இருந்த இடத்திலேயே கோடிக்கணக்கான நுண்துளிகளாகத் திரள்கிறது. தாளிக்க வைத்த எண்ணெய் அதிகம் காய்ந்துவிட்டால் வாணலியிலிருந்து வெண்புகை கிளம்புமே, கிட்டத்தட்ட அதே சங்கதி.

ஒரு துளியின் விட்டம் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெயில் ஏறத்தாழ 19 கோடி கோடி துளிகள் கிடைக்கும். அவற்றின் மேற்பரப்பை எல்லாம் கூட்டினால் 6,000 சதுர மீட்டர். ஒரு லிட்டர் எண்ணெய் ஒன்றரை ஏக்கர் பரப்பாக விரிந்து வெயிலை வாங்குகிறது! துளியின் அளவு ஒளியின் அலைநீளத்தைவிடச் சற்றே பெரியது என்பதால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கிறது. எண்ணெய்க்கென்று சொல்லும்படி நிறம் இல்லாவிட்டாலும் புகை வெள்ளையாகத் தெரிவது அதனால்தான்.

வண்ணம் வேண்டுமென்றால் எண்ணெயில் சாயம் கலக்க வேண்டும். ஆனால் ஒரு மைக்ரான் துளிக்குள் ஒளி கடக்கும் தூரம் மிகக் குறைவு. கொஞ்சம் சாயம் போட்டால் வெளுத்துத்தான் தெரியும். அதனால் கெட்டியாகக் கலக்கிறார்கள். அந்தச் சாயம் சூட்டில் கருகாமலும் இருக்க வேண்டும். பார்ப்பவர் நிற்கும் இடமும் முக்கியம். வெயிலைப் பார்த்து நின்றால் துளிகளின் ஓரத்தில் வளைந்து வரும் வெள்ளொளி கண்ணை நிறைத்து நிறத்தை அமுக்கிவிடும். நம் கிழக்குக் கரையில் காலையில் கடலைப் பார்த்து நின்றால் இந்தக் கதிதான். புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ நம் கடலூர் சில்வர் பீச்சிலோ இப்படி ஒரு சாகசம் என்றாவது நடந்தால், வெயில் முதுகுப் பக்கம் திரும்பும் பிற்பகலில் வைக்கச் சொல்லுங்கள்.

சரி, உயரத்தில் போகும் பயணிகள் விமானத்தின் வெள்ளைக் கோடு? அது வேறு. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி, சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் உறைந்து பனித்துகளாவது. அதற்குக் காற்று ஏறத்தாழ −40 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். நம் பக்கம் அந்த உயரத்தில் வெப்பநிலை அந்த விளிம்பிலேயே நிற்பதால் சில நாள் கோடு விழும், சில நாள் விழாது.

இந்தக் கோட்டை வைத்து "மருந்து தெளித்து மழையை விரட்டுகிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயலைப் பார்த்தவர்கள்கூட இதை நம்பி அனுப்புவதுதான் எனக்குப் புரியவில்லை. நீராவி எந்தத் துகளைப் பிடித்துக்கொண்டு துளியாகிறது, அது எப்போது மழையாகிறது என்பது இன்னும் முழுதாக அவிழாத நல்ல ஆராய்ச்சி. புயல் வந்து போனபின் நிவாரணத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கையாவது நம் கல்லூரி ஆய்வகங்களுக்குக் கொடுத்தால் தேவலை.

துணி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மைக்ரான் எண்ணெய்த் துளி அசையாத காற்றில் ஒரு மணி நேரத்தில் சுமார் 9 சென்டிமீட்டர்தான் இறங்கும். அரைச் சாண்கூட இல்லை. அதற்குள் காற்று அதை எங்கெங்கோ பரத்திவிடும், பெரும்பகுதி திரும்ப ஆவியாகியும்விடும். வேட்டி கறைபடாது. அப்புறம் இன்னொன்று: புகை வெறும் அழகுக்காக மட்டும் இல்லை. எதிரெதிரே பாய்ந்து வரும் இரண்டு விமானிகள் ஒருவரையொருவர் தூரத்திலேயே கண்டுகொள்ள அது உதவுகிறது. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதையும் முன்னே போனவர் விட்ட புகை பின்னால் வருபவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.