முடவாட்டுக்கால் பொடி: மருந்தா, உணவா?

ஏற்காட்டில் சாலையோரக் கடைகளில் முடவாட்டுக்கால் கிழங்கைப் பார்த்திருப்பீர்கள். ரோமத்தோடு ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். மூட்டுவலிக்கு நல்லது என்று வாங்கிப் போய் சூப் வைப்பார்கள். சரி, அதையே காயவைத்து அரைத்து பாக்கெட் போட்டு விற்றால் மருந்து உரிமம் வேண்டுமா?

கிழங்கை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. எதற்காகத் தயாரிக்கிறோம், என்ன சொல்லி விற்கிறோம் என்பதைத்தான் சட்டம் முக்கியமாகப் பார்க்கிறது.

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் வாங்கும் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் தனித்தனியே வெறும் சரக்கு. ரசப்பொடியில் சேர்த்தால் உணவு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டப்படி, உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவோ உரிமமோ எடுக்க வேண்டும். அதே மூன்றையும் இடித்துச் சலித்து 'திரிகடுகுச் சூரணம், சளி இருமலுக்கு' என்று சீட்டு ஒட்டினால் அது சித்த மருந்து. நோயைத் தீர்க்கவோ தணிக்கவோ தடுக்கவோ, அரசு பட்டியலிட்ட நூல்களின் முறைப்படி செய்வது மருந்து என்கிறது 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம். அந்த நூல்களில் உள்ள சரக்குகளை வைத்து நோய்க்கென்று நாமே ஒரு கலவை செய்தாலும் தப்ப முடியாது, அதுவும் மருந்துதான். விற்பனைக்குத் தயாரிக்க மாநில உரிமம் வேண்டும். வைத்தியர் தன்னிடம் வரும் நோயாளிகளுக்கு மட்டும் செய்து கொடுத்தால் இந்த உரிமம் தேவையில்லை.

சேராங்கொட்டை, எட்டி, ஊமத்தை போன்ற நச்சுச் சரக்குகளில் கூடுதல் கவனம் வேண்டும். அவை சேர்ந்த உள்மருந்தின் மேல், மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை கட்டாயம். வீட்டில் யாராவது அப்படி ஒரு மருந்து சாப்பிட்டால் தயவுசெய்து டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

அப்புறம் விளம்பரம். சர்க்கரை நோய், புற்றுநோய், கண்புரை இவற்றைக் குணமாக்கும் என்று உரிமம் பெற்ற மருந்தையும் விளம்பரப்படுத்தக் கூடாது. மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது.

முடவாட்டுக்காலைச் சூப் பொடியாக விற்க நினைக்கும் மகளிர் குழுக்களுக்கு உணவுப் பதிவுதான் நேரான வழி. ஆனால் பாக்கெட்டில் 'மூட்டுவலி தீரும்' என்ற வரி இருக்கக் கூடாது. அந்த வரி வேண்டுமென்றால் மருந்து உரிமத்துக்குத்தான் போக வேண்டும். இதை லேபிள் அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.