கூரைக்குள் ஏறும் உப்பு

சென்ற ஆண்டு மாசியில் ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ஒரு பசுமைக்குடிலைப் பார்க்கப் போனேன். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர் பன்னிரண்டு சென்ட் நிலத்தில் இரும்புக் குழாய் வளைத்து, 200 மைக்ரான் பாலித்தீன் போர்த்தியிருந்தார். முதல் வெள்ளரி அமோகமாகக் காய்த்தது. அடுத்து வைத்த குடைமிளகாயில் இலை ஓரமெல்லாம் தீய்ந்துபோய், பிஞ்சுகள் உதிர்ந்து கிடந்தன.

"வைரஸாக இருக்குமா சார்? மூன்று மருந்து அடித்துப் பார்த்துவிட்டேன்" என்றார்.

சொட்டுநீர் விழும் இடத்தில் ஈர வட்டம் முடியும் விளிம்பில், பொரித்த அப்பளம் போல ஒரு வெள்ளைப் பொருக்கு. முன்பெல்லாம் இதை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். மருந்து அடித்த குடிலுக்குள் அந்தப் பழக்கம் ஆகாது. ஒரு டம்ளர் மழைநீரில் கரைத்து, தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனை வைத்து உப்பை அளக்கும் இ.சி. மீட்டரை நனைத்தேன். முள் எகிறியது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் 2.2 (மீட்டருக்கு டெசிசீமென்ஸ் என்ற அலகில்) காட்டியது. குடைமிளகாய்க்கு 1.0 வரையும், வெள்ளரி, தக்காளிக்கு 1.7 வரையும் இருந்தால்தான் விளைச்சல் குறையாது.

கணக்குப் போட்டுக் காட்டினேன். 2.2 என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிராம் உப்பு. தினம் 2,000 லிட்டர் விட்டால், நூறு நாள் பயிருக்கு 280 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையில் ஐந்தரை மூட்டை உப்பை அவரே சொட்டுச் சொட்டாகத் தன் மண்ணில் இறக்கியிருக்கிறார். தண்ணீரைச் செடி குடித்துவிடுகிறது, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது.

பக்கத்துக் கொல்லையில் திறந்தவெளியில் கத்தரி போட்டவருக்கும் இதே ஊற்றுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை அவருடைய மணலைக் கழுவி உப்பைக் கீழே தள்ளிவிடும். குடில்காரருக்கு அந்த மழை கூரையிலேயே நின்றுவிடுகிறது. குடில் அமைத்துக் கொடுத்தவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. குளிர்நாட்டில் வெப்பத்தைப் பிடித்துவைக்கப் பிறந்த அமைப்பை, சித்திரை வெயிலில் பகல் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளிப் பூ உதிரும் என்பதையும் சொல்லாமல், அப்படியே நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வெயில் காலத்தில் பாலித்தீனைவிட நிழல்வலையே இங்கே போதும் என்பது என் கட்சி. ஆனி ஆடிக் கச்சான் காற்றுக்கு மேற்கே ஒரு மறைப்பு வேலியும் வேண்டும். வெள்ளை ஈக்குப் பயந்து அங்குலத்துக்கு 40 கண் உள்ள, 40 மெஷ் வலை கட்டினால் தேனீயும் நுழையாது. அப்போது மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் வெள்ளரி ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஜிப்சம் போடட்டுமா என்று கேட்டார். எல்லோரும் கேட்பது இதைத்தான். ஜிப்சம், சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு மருந்து. வெறும் உப்பு ஏறிய உவர் மண்ணுக்கு நல்ல தண்ணீர்தான் மருந்து.

அந்த நல்ல தண்ணீர் அவர் கூரையிலேயே இருந்தது. பன்னிரண்டு சென்ட் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 5,000 லிட்டர். 200 மில்லிமீட்டர் விழுந்தால் 1 லட்சம். ஓரத்தில் தகரத் தூம்பு வைத்து, தார்ப்பாய் விரித்த குட்டையில் ஐப்பசி மழையைப் பிடிக்கச் சொன்னேன். கிணற்றுத் தண்ணீரோடு சரிபாதி கலந்தால் 2.2 என்பது 1.1 ஆகும். ஆவியாகும் அளவைக் குறைக்கக் குட்டையை மூடிவைக்க வேண்டும். குட்டை நிறைந்ததும், புயல் எச்சரிக்கை வருவதற்கு முன்பே பாலித்தீனைச் சுருட்டிக் கட்டிவிட வேண்டும். காற்றுக்கு அது பாய்மரம். குழாயையும் பிடுங்கிக்கொண்டு போகும். மிச்ச மழை வெறும் மண்ணில் இறங்கி உப்பைக் கழுவட்டும். அந்த ஒரு மாதம் பயிர் வேண்டாம்.

ஒரு மாத வருமானம் போகிறதே என்று முதலில் முனகினார். கார்த்திகையில் சுருட்டினார். இந்தத் தையில் போய்ப் பார்த்தபோது பொருக்கு இல்லை, மூடாக்குக்குக் கீழே புது வேர் வெள்ளையாக ஓடியிருந்தது. ஒவ்வொரு வாரமும் தானே தண்ணீரை அளந்து, காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்.

இப்போது ஸ்ட்ராபெரி போடலாமா என்று கேட்கிறார். அதற்குத் தண்ணீர் 0.7-ஐத் தாண்டக் கூடாது. கொடைக்கானலுக்குப் போய் வாங்கிச் சாப்பிடச் சொல்லியிருக்கிறேன்.