ஓடும் ரயிலில் கண் எப்படிப் படிக்கிறது?

கோலாலம்பூரில் பங்சாரிலிருந்து கே.எல்.சி.சி வரை எல்.ஆர்.டி நகர ரயிலில் நாவல் படித்தபடி வேலைக்குப் போகும் வாசகி ஒருவரின் கேள்வி இது: "ரயிலில் படித்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. அதே புத்தகத்தைப் பேருந்தில் விரித்தால் இரண்டு பக்கத்துக்குள் குமட்டுகிறது. ஏன்?"

உட்காது வேகத்தை உணர்வதில்லை, வேக மாற்றத்தை மட்டுமே உணரும். பேருந்து பிரேக் போட்டு, கிளம்பி, வளையும்போதெல்லாம் "நகர்கிறோம்" என்று அது சொல்கிறது. பக்கத்தின் மேல் நிலைத்த கண்ணோ "அசைவே இல்லை" என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலின் வேர். உட்காதின் சமநிலை உறுப்பு முற்றிலும் செயலிழந்தவர்களுக்குப் பயணக் குமட்டல் வருவதில்லை என்பது இதற்கு நல்ல சான்று. அதிலும் சுமார் 5 விநாடிக்கு ஒருமுறை வரும் மெதுவான ஆட்டமே வயிற்றை அதிகம் புரட்டும். நெரிசலில் ஊரும் பேருந்தும் பினாங்கின் பாலிக் புலாவ் மலைச்சாலை வளைவுகளும் ஏறக்குறைய அந்தத் தாளத்தில்தான் ஆட்டுகின்றன. தண்டவாள அதிர்வு அதைவிடப் பல மடங்கு விரைவானது. எழுத்தைச் சற்று நடுங்க வைக்குமே தவிர வயிற்றைத் தொடாது.

இதைவிட அழகானது கண் செய்யும் வேலை. எல்.ஆர்.டி இருக்கைகள் எதிரெதிராக இருப்பதால் அதை நேரிலேயே பார்க்கலாம். உங்கள் தலைக்குப் பின்னால் உள்ள ஜன்னலை வேடிக்கை பார்ப்பவரின் கண்கள் ஒரு பக்கமாக மெல்ல நகரும். சட்டென்று எதிர்ப்பக்கம் துள்ளும். மறுபடி மெல்ல நகரும். அவருக்கு அது தெரியவே தெரியாது. ஒரு கட்டடத்தைப் பிடித்துத் தொடர்வது மெதுவான நகர்வு, அதை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுவது துள்ளல். ஆப்டோகைனடிக் நிஸ்டாக்மஸ் என்பது இதன் பெயர். பசார் செனி தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும், தொடர்வதற்குக் காட்சி இல்லாததால், துள்ளல் அடங்கிவிடும்.

தொடர்வதற்கும் எல்லை உண்டு. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில், 100 மீட்டர் தொலைவிலுள்ள அடுக்குமாடி விநாடிக்கு 9 பாகைக்கும் குறைவாகவே நகர்கிறது. கண் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். 3 மீட்டரில் இருக்கும் கம்பமோ 280 பாகைக்கு மேல் ஓடுகிறது. எந்தக் கண்ணாலும் அதைத் தொடர முடியாது, வெறும் கோடாகத் தேய்ந்துவிடும். நிலையப் பெயர்ப்பலகை ரயில் நன்றாக வேகம் குறைந்த பிறகே படிக்கக் கிடைப்பதும் இதனால்தான்.

புத்தக வரியிலும் கண் வழுக்கிச் செல்வதில்லை. கால் விநாடி நிற்கும், அடுத்த சில எழுத்துகளுக்குத் தாவும், மறுபடி நிற்கும். ஜன்னல் துள்ளலையும் வரித் தாவலையும் இயக்குவது மூளைத்தண்டிலுள்ள ஒரே நரம்புக் கூட்டம். நுண்பார்வைக்கான நடுக்குழி விழித்திரையில் இல்லாத முயலுக்கும் ஜன்னல் துள்ளல் உண்டு, மீனுக்கும் உண்டு. எழுத்து பிறப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பே இருந்த கருவியை வைத்துத்தான் நாம் நாவல் படிக்கிறோம்! பேசத் தெரியாத குழந்தைக்குப் பார்வை இருக்கிறதா என்று அறிய, கோடு போட்ட உருளையைச் சுழற்றிக் கண் துள்ளுகிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பதும் இதை வைத்தே. "இதனால் என்ன பயன்?" என்று கேட்டு அடிப்படை ஆய்வுக்குப் பணம் மறுப்பவர்கள் அந்த உருளையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

கொமுட்டர் புறநகர் ரயிலில் போகிறவர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். பக்கத்துத் தண்டவாளத்தின் கட்டைகள் மங்கலாக ஓடும்போது, அவை ஓடும் திசையிலேயே பார்வையைச் சட்டென்று வீசுங்கள். தாவலின் வேகமும் கட்டையின் வேகமும் ஒத்துப்போகும் கணத்தில் ஒரு கட்டை கூர்மையாக, அப்படியே நின்று தெரியும்.

ஓடும் வண்டியில் படித்தால் பார்வை கெட்டுவிடும் என்று இன்னும் பிள்ளைகளை மிரட்டுகிறார்கள். கெடாது, கண் களைக்கும், அவ்வளவுதான். பேருந்தில் படித்தே ஆகவேண்டுமென்றால் முன்பாதியில், போகும் திசை நோக்கி உட்காருங்கள். புத்தகத்தை மடியில் வைக்காமல் முகத்துக்கு நேராகப் பிடித்தால் ஓரப்பார்வையில் சாலை தெரியும், முரண்பாடு குறையும். வளைவுகளில் மூடிவிடுங்கள், நெடுஞ்சாலையில் வேகம் சீரானதும் திறக்கலாம். வாயில் எச்சில் ஊறுவதும் கொட்டாவியும் முதல் அறிகுறிகள். அப்போதே நிறுத்தித் தொலைவில் பார்க்க வேண்டும். குமட்டல் முற்றிய பிறகு புத்தகத்தை மூடினாலும் அது அடங்க வெகுநேரம் பிடிக்கும்.