காப்பீட்டு அட்டை இருந்தும் பணம் கேட்கிறார்களா? சேருவதற்கு முன்பே பார்க்க வேண்டியவை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமில்லாமல் சிகிச்சை. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது. 2012 ஜனவரியில் இன்றைய பெயரைப் பெற்றது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்தது. வரலாறு இது போதும்.

அட்டையைப் பையில் வைத்துக்கொண்டே நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அது ஏன் நடக்கிறது என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நோய் வந்து ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குப் பல மாதம் முன்பே, ரேஷன் கார்டிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது.

ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா?

குடும்பத் தலைவர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், அவர்களை நம்பி இருக்கும் பெற்றோர் ஆகியோரைத்தான் இந்தத் திட்டம் குடும்பம் என்கிறது. ஆனால் நடைமுறையில் அதை முடிவு செய்வது ரேஷன் கார்டு. அதில் பெயர் இல்லாதவருக்குக் காப்பீடு இல்லை. நேரில் எவ்வளவு அழுதாலும் கம்ப்யூட்டரில் பெயர் வராது.

அதிகம் மாட்டிக்கொள்பவர்கள் மருமகள்கள். கல்யாணமாகி நாலைந்து வருடம் ஆகியிருக்கும், பெயர் இன்னும் பிறந்த வீட்டுக் கார்டிலேயே இருக்கும். அரிசி வாங்க அது தடையில்லை என்பதால் யாரும் கவனிப்பதில்லை. கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் என்று டாக்டர் சொன்ன அன்றுதான் தெரியவரும். அதன்பிறகு பிறந்த வீட்டுக் கார்டில் பெயர் நீக்கம், அது முடிந்த பின் புகுந்த வீட்டுக் கார்டில் சேர்ப்பு என்று இரண்டு விண்ணப்பம், இரண்டு அனுமதி. இரண்டையும் ஒரே நாளில் போட்டால் இரண்டாவது திரும்பி வரும், ஏனென்றால் ஒரே ஆதார் எண் இரண்டு கார்டில் இருக்க முடியாது. நோயாளி படுக்கையில் இருக்கும்போது இதற்கு அலைய வைப்பது கொடுமை. இன்றைக்கு வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்றால் இன்றைக்கே இ-சேவை மையத்துக்குப் போய் முடித்துவிடுங்கள்.

கிராமத்தில் தனிக் கார்டில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு, நகரத்தில் இருக்கும் மகனின் அட்டை செல்லாது. அவர்கள் கார்டை வைத்து அவர்களுக்குத் தனியாகப் பதிய வேண்டும். தனிக்குடித்தனம் போகும் இளம் தம்பதிகளும் கவனிக்க வேண்டும்: பழைய கார்டில் பெயரை நீக்கி, புதுக் கார்டு கைக்கு வந்து, அதன் பேரில் காப்பீடு பதியும் வரை இடைப்பட்ட மாதங்களில் உங்களுக்குக் காப்பீடே கிடையாது. கர்ப்பிணியோ, நாள்பட்ட நோயாளியோ வீட்டில் இருந்தால் நீக்கத்துக்கு அவசரப்பட வேண்டாம்.

இன்னொன்று எழுத்துப் பிழை. ரேஷன் கார்டில் ‘செல்வி’, ஆதாரில் ‘செல்வராணி’, ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘எம். செல்வி’. ஒரே ஆள்தான் என்பது வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும். ஒப்புதல் கொடுப்பவர் பார்ப்பது மூன்று வெவ்வேறு பெயர்களை. முதலில் ஆதாரையும் ரேஷன் கார்டையும் ஒன்றாக்குங்கள். ஓ.பி. சீட்டு போடும்போதே ஆதாரில் உள்ளபடி பெயரைச் சொல்லுங்கள். அன்று ஒரு நிமிடம் எடுத்துச் சொன்னால் பிறகு மூன்று நாள் மிச்சம்.

வருமானச் சான்று

1,20,000 என்பது ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆண்டுக்கான தொகை. வீட்டில் சம்பாதிக்கும் எல்லோருக்கும் சேர்த்து மாதம் 10,000 ரூபாய். கணவன் கொத்து வேலை, மனைவி வீட்டு வேலை என்றால் அந்தக் கோட்டைத் தாண்டிவிட வாய்ப்பு அதிகம். ஆனால் பைபாஸ் ஆபரேஷனுக்குத் தனியாரில் கேட்கும் பணம் அவர்களிடம் எப்படி இருக்கும்? மாதம் 10,000 வாங்குபவரையும் 15,000 வாங்குபவரையும் அந்த பில் ஒரே மாதிரிதான் கவிழ்க்கும். தமிழ்நாடு ரேஷன் அரிசிக்கு இப்படிக் கோடு போடவில்லை. 1997-ல் மற்ற மாநிலங்கள் ஏழைகளை மட்டும் தனியே பிரித்தபோதும் இங்கே எல்லோருக்கும் என்றே வைத்திருந்தார்கள். அரசு மருத்துவமனையும் எல்லோருக்கும் பொது. காப்பீட்டில் மட்டும் வருமானக் கோடு. எல்லோருக்கும் மருத்துவம் வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் இந்தக் கோட்டைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

கோடு இருக்கும் வரை காகிதம் வேண்டும். காப்பீட்டுப் படிவத்தில் வி.ஏ.ஓ. கையெழுத்தும் முத்திரையும் போதும் என்று ஓரிடத்தில் சொல்வார்கள், இ-சேவையில் எடுத்த தாசில்தார் சான்றுதான் வேண்டும் என்று இன்னோரிடத்தில் சொல்வார்கள். கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் எதை ஏற்பார்கள் என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு வி.ஏ.ஓ.விடம் போங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து இரண்டு நாள் கூலியை இழக்கிறார்கள். இ-சேவைச் சான்றுக்கான கட்டணம் 60 ரூபாய். விண்ணப்ப எண் உள்ள ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகராதீர்கள். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று யாரிடம் நிற்கிறது என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் பார்க்க முடியும். ‘மேலே அனுப்பிட்டேன்’ என்ற பதிலை நம்பி ஒரு வாரம் காத்திருக்காதீர்கள்.

எல்லாம் கையில் வந்ததும் ரேஷன் கார்டு, குடும்பத்தில் எல்லோருடைய ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றின் அசலையும் நகலையும் எடுத்துக்கொண்டு காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். பதிவது இலவசம். புரோக்கருக்கு இதில் வேலையே இல்லை.

பழைய அட்டை வைத்திருப்பவர்கள், அட்டையைத் தொலைத்தவர்கள் புதிதாக விண்ணப்பிக்கும் முன் ஒரு விஷயம் பாருங்கள். இதில் முக்கியம் அட்டை இல்லை, அதிலுள்ள எண். ரேஷன் கார்டு எண்ணைக் கொடுத்தால் உங்கள் காப்பீட்டு எண் கிடைத்துவிடும். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். எண் உயிரோடு இருக்கிறதா, அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று இரண்டையும் கேளுங்கள். அட்டை வாங்கிய பிறகு பிறந்த பிள்ளையின் பெயர் பல வீடுகளில் விடுபட்டிருக்கிறது.

அட்மிஷன் மேசையில்

ஆஸ்பத்திரி வாசலில் காப்பீட்டுத் திட்டப் பலகை மாட்டியிருக்கும். அதைப் பார்த்து ‘இங்க காப்பீடு எடுப்பீங்களா?’ என்று கேட்டால் ‘எடுப்போம்’ என்பார்கள். அது பொய்யில்லை, ஆனால் உங்களுக்கு அது போதாது. மருத்துவமனைகளுக்கு அனுமதி துறைவாரியாகத்தான் தரப்படுகிறது. இருதயத்துக்கு அனுமதி பெற்ற இடத்தில் எலும்புக்கு இல்லாமல் இருக்கலாம். சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டவை. அதனால் வரவேற்பு மேசையை விட்டுவிட்டு, உள்ளே காப்பீட்டுப் பிரிவில் இருப்பவரைப் பார்த்து, டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டி, இப்படிக் கேளுங்கள்: “இந்தச் சிகிச்சைக்கு இந்த ஆஸ்பத்திரியில் முதலமைச்சர் காப்பீட்டில் முழுசா செய்வீங்களா? முன் ஒப்புதலுக்கு எப்ப அனுப்புவீங்க?”

முன் ஒப்புதல் என்பதுதான் இதில் உயிர்நாடி. ஆபரேஷனுக்கு முன் மருத்துவமனை உங்கள் ரிப்போர்ட்டுகளை ஆன்லைனில் அனுப்பி, காப்பீட்டுத் தரப்பின் அனுமதியை வாங்க வேண்டும். அவசரம் என்றால் தொலைபேசியிலேயே அனுமதி வாங்க வழி உண்டு. இந்தத் திட்டம் மருத்துவமனைக்குத்தான் பணம் கொடுக்கும். நீங்கள் கையிலிருந்து கட்டிவிட்டு பில்லை நீட்டினால் திரும்பத் தராது. ஆகவே ‘இப்ப பணம் கட்டிச் சேருங்க, அப்புறம் காப்பீட்டுல மாத்திக்கலாம்’ என்று யாராவது சொன்னால், பணம் கட்டும் நோயாளியாகப் பதிவானதும் கதவு ஏறக்குறைய மூடிவிடும் என்று புரிந்துகொள்ளுங்கள். சேரும்போதே காப்பீட்டு நோயாளி என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது ‘பேக்கேஜ் பத்தாது, மீதியை நீங்க போடணும்’ என்ற பேச்சு. ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசு ஒரு தொகை நிர்ணயித்திருக்கிறது. படுக்கை, டாக்டர், மயக்க மருந்து, பரிசோதனை, மருந்து, உள்ளே வைக்கும் பொருள் எல்லாம் அதற்குள் அடக்கம். அந்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டுதான் மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்திருக்கிறது. குறைவு என்று நினைத்தால் அவர்கள் அரசிடம் கேட்க வேண்டும், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கும் மனைவியிடம் கேட்கக் கூடாது.

இருதய ரத்தக் குழாய் அடைப்பை விரித்துவைக்கப் பொருத்தும் சிறு குழாயான ஸ்டென்டில் இது அதிகம் நடக்கிறது. ‘காப்பீட்டு ஸ்டென்ட் சாதா, வெளிநாட்டு ஸ்டென்ட்னா தனியா கட்டணும்’ என்பார்கள், அதுவும் நோயாளி மேசையில் படுத்திருக்கும்போது. ஸ்டென்ட் விலைக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு அப்போது அறிவித்த விலை 29,600 ரூபாய், பிறகு அவ்வப்போது திருத்தப்படுகிறது. ஒரு ஸ்டென்டுக்கு லட்சத்துக்கு மேல் சொன்ன காலம் அத்தோடு முடிந்தது. யாராவது தனியாகப் பணம் கேட்டால் எதற்கு என்று எழுதிக் கேளுங்கள். பொருத்திய பின் ஸ்டென்ட் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரை, கம்பெனி பெயரும் பேட்ச் எண்ணும் தெரிய, உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டி வாங்குங்கள்.

படுக்கையில் சேராமல் ஓ.பி.யில் பார்ப்பதற்கு இத்திட்டத்தில் பணம் கிடையாது. மாதாமாதம் வாங்கும் சர்க்கரை, பிரஷர் மாத்திரையும் இதில் வராது. குடும்பங்களைச் சன்னமாக அரிப்பது அந்தச் செலவுதான். அந்த மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கும் வந்து தருகிறார்கள். ஸ்கேன் போன்றவற்றில் குறிப்பிட்ட சில பரிசோதனைகளுக்கு மட்டும் காப்பீடு உண்டு. ஆகவே தனியாரில் 7,000, 8,000 என்று கட்டி ஸ்கேன் எடுக்கும் முன் அது பட்டியலில் இருக்கிறதா என்று காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். எடுத்த பிறகு கேட்டுப் பயனில்லை.

டிஸ்சார்ஜ் அன்று சில படிவங்களில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் ஒன்று, என்னிடம் பணம் எதுவும் வாங்கவில்லை, சிகிச்சை திருப்தி என்று சொல்லும் கடிதம். பணம் வாங்கியிருந்தால் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால் பிறகு நீங்கள் தரும் புகாருக்கு உங்கள் கையெழுத்தே எதிர்ச்சாட்சி. வெற்றுப் படிவத்திலும் கூடாது. உங்கள் 5 லட்சத்தில் எவ்வளவு கழித்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது முழுக் குடும்பத்துக்கும் சேர்த்த தொகை, அதே வருடத்தில் வேறொருவருக்குத் தேவைப்படலாம்.

பணம் கேட்டால் என்ன செய்வது

நோயாளி உள்ளே இருக்கும்போதே புகார் சொல்லுங்கள். வெளியே வந்தபின் சொல்லும் புகார் கோப்பாகிவிடும், உள்ளே இருக்கும்போது சொல்வதற்கு உடனே அசைவு இருக்கும். முதலில் 1800 425 3993. கூடவே அரசு மருத்துவ உதவி எண் 104. காப்பீட்டு எண், மருத்துவமனை, வார்டு, கேட்ட தொகை, கேட்டவர் எந்த மேசையில் இருப்பவர், தேதி, நேரம் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள், புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நடக்கவில்லை என்றால் கலெக்டர் ஆபீஸில் உள்ள திட்ட அலுவலர். அதற்கும் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு, முதல்வரின் உதவி மையம் 1100. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ரசீது தர மறுத்தால், மறுத்தார் என்பதையே மனுவில் எழுதுங்கள்.

சாலை விபத்து என்றால் மேலே சொன்ன எந்தக் காகிதமும் தேவையில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாருக்கும், அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த ஊர்க்காரரானாலும், முதல் 48 மணி நேரம் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் இலவசச் சிகிச்சை. தொடங்கும்போது வரம்பு 1 லட்சம் ரூபாய். 108-ஐக் கூப்பிடும்போதே இந்தத் திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். போலீஸ் வந்து எழுதினால்தான் தொடுவோம் என்று சொல்ல எந்த டாக்டருக்கும் உரிமையில்லை, 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கவனிக்க வேண்டியது 48 மணி நேரம் முடியும் இடம். காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் தொடரலாம். இல்லாதவர்கள் 30-வது மணியிலேயே, அரசு மருத்துவமனைக்கு மாற்றும் நிலையில் நோயாளி இருக்கிறாரா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். கேட்காமல் விட்டால் 49-வது மணியிலிருந்து மீட்டர் ஓடத் தொடங்கும்.

அட்டை கிடைக்காது, வருமானம் கோட்டுக்கு மேல், கையில் பணமும் இல்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே அட்டை கேட்பார்கள். காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்கு வரும் என்பதால்தான் கேட்கிறார்கள். அட்டை இல்லை என்பதற்காக உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. ஏற்கெனவே தனியாரில் சேர்ந்து பில் ஏறிக்கொண்டிருந்தால், மாறும் முன் கேஸ் ஷீட், ரிப்போர்ட்டுகளின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. மனுவின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.