பழம் போடாத பீரில் வாழைப்பழ வாசம்

ஜெர்மனியின் பவேரியாவில் ஹெஃபெவைசன் என்றொரு கோதுமை பீர் உண்டு. உயரமான கண்ணாடிக் குவளையில், மேலே தடித்த நுரையோடு, சற்றே கலங்கலாகத் தருவார்கள். மூக்கருகே கொண்டுபோனால் வாழைப்பழ வாசம் அடிக்கும். கூடவே கிராம்பு. ஆனால் தொட்டியில் பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை. முளைகட்டிய கோதுமை, முளைகட்டிய பார்லி, தண்ணீர், ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ, ஈஸ்ட். சரக்கு அவ்வளவுதான்.

எல்லாம் ஈஸ்ட் செய்யும் வேலை. சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும்போதே எஸ்டர்கள் என்னும் வாசனைச் சேர்மங்கள் சிலவற்றையும் அது தயாரித்துவிடுகிறது. அவற்றில் ஒன்று ஐசோஅமைல் அசிடேட். பழுத்த வாழைப்பழத்தில் மணப்பதும் இதுதான், மிட்டாயில் சேர்க்கும் வாழைப்பழ எசன்ஸும் இதுதான். (தேனீ கொட்டும்போது மற்ற தேனீக்களை உசுப்பிவிடும் அபாய வாசனையிலும் இது இருக்கிறது. வாழைப்பழம் தின்றுவிட்டுத் தேன்கூட்டுப் பக்கம் போகாதே என்று தேனீ வளர்ப்பவர்கள் சொல்வது இதனால்தான்.)

கிராம்பின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். தானியத்தின் செல் சுவர்களில் ஃபெருலிக் அமிலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நொறுக்கிய தானியத்தை வெந்நீரில் ஊறவைக்கும்போது, சுமார் 45 டிகிரி செல்சியஸில் கொஞ்ச நேரம் நிறுத்தினால், நொதிகள் அந்த அமிலத்தைப் பிரித்துவிடும். பவேரிய ஈஸ்ட் அதிலிருந்து ஒரு கரியமில வாயு மூலக்கூறைக் கழற்றுகிறது. மிஞ்சுவது 4-வினைல் குவாயக்கால். நம் அஞ்சறைப் பெட்டிக் கிராம்பில் இருக்கும் யூஜினாலுக்கு இது நெருங்கிய சொந்தம். மற்ற பீர் ஈஸ்ட்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வித்தை வராது, அதற்கான மரபணு செயலிழந்து கிடக்கிறது. அந்த பீர்களில் கிராம்பு வாசம் அடித்தால், வேண்டாத ஈஸ்ட் ஏதோ புகுந்துவிட்டது என்று சந்தேகப்படுவார்கள்.

அமெரிக்காவின் வெளிர் கோதுமை பீர் இதற்கு நேரெதிர். கோதுமை அதேதான், ஈஸ்ட் மட்டும் சாது. ரொட்டி மாவு போல மெல்லிய வாசம், ஹாப்ஸிலிருந்து கொஞ்சம் எலுமிச்சை, ஆரஞ்சு. ஆரெகன் மாநிலத்துப் போர்ட்லேண்டில் விட்மர் சகோதரர்கள் 1986இல் வடிகட்டாத கோதுமை பீர் ஒன்றை விற்கத் தொடங்கினார்கள். பெயர் என்னவோ ஹெஃபெவைசன்தான். அதை நம்பி வாழைப்பழம் தேடினால் கிடைக்காது.

மதிப்பெண் போடுவதில் சிக்கல் இங்கேதான் வருகிறது. அமெரிக்காவில் பிறந்த பீர் நடுவர் சான்றிதழ் அமைப்பின் தாளில் மொத்தம் 50 மதிப்பெண். வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் நுரைப்புக்கும் 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. ஒவ்வொரு பீரையும் அதன் வகைக்குரிய இலக்கணத்தோடு ஒப்பிட்டே போட வேண்டும். ஆக, பவேரிய பீருக்கு மதிப்பெண் வாங்கித்தரும் அதே வாழைப்பழம் அமெரிக்க பீரின் மதிப்பெண்ணைக் குறைத்துவிடும். கலங்கலுக்கு இந்த இரண்டிலும் தண்டனை இல்லை. கோதுமையின் புரதமும் மிதக்கும் ஈஸ்டும்தான் அது.

சுவைக்கு 20 என்கிறார்களே, அதிலும் பெரும்பங்கு மூக்கின் சம்பாத்தியம்தான். இனிப்பு, புளிப்பு, கசப்பு என்று சிலவற்றை மட்டுமே நாக்கு அறியும். விழுங்கியதும் வாசனை தொண்டையின் பின்வழியாக மேலேறி மூக்கைத் தொடுகிறது, அதையும் சேர்த்துத்தான் 'ருசி' என்கிறோம். சளி பிடித்த அன்று ரசம் வெறும் புளித்தண்ணீராக இருப்பது இதனால்தான். ஒயின் ருசிப்பவர்கள் துப்பிவிடுவார்கள். பீர் நடுவர்களோ ஒரு மடக்காவது விழுங்குவார்கள்.

அப்புறம், ஐஸ் போலக் குளிர்ந்த பீரை முகர்ந்து பயனில்லை. குளிரில் வாசனை மூலக்கூறுகள் அதிகம் ஆவியாவதில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் மேசையில் விட்டுவைத்து, பிறகு முகர வேண்டும். முதலில் வருவது வாழைப்பழமா கிராம்பா என்பதில் ஒரே மேசை நடுவர்களே ஒத்துப்போக மாட்டார்கள்.