கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள், இது என்ன துணி?

தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, மணிக்கட்டில் கண்ணாடி கிழித்து அறுந்த நரம்பைத் தைத்து ஆறு மாதம் கழித்து எங்கள் கை சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். விரல்கள் நன்றாக மடங்கின, நீண்டன. “கை சரியாகிவிட்டது என்கிறார்கள் மேடம். ஆனால் பருத்தியும் பாலியஸ்டரும் எனக்கு ஒன்றாகவே இருக்கின்றன” என்றார். கண்ணை மூடச் சொல்லி விரல்களுக்கு இடையில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்தேன். “ஏதோ இருக்கிறது” என்பதற்குமேல் அவரால் சொல்ல முடியவில்லை.

அறுந்தது மீடியன் நரம்பு. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவற்றின் உள்ளங்கைப் பக்க உணர்வு அதன் வழியாகத்தான் போகிறது. தைத்த நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். வளரும் இழைகள் எல்லாம் பழைய இடத்துக்கே போய்ச் சேர்வதுமில்லை. சுட்டுவிரலைத் தொட்டால் நடுவிரலைத் தொட்டதுபோல் தோன்றலாம். மாறிப்போன இந்தச் செய்திகளை மூளை புதிதாகப் படிக்கக் கற்க வேண்டும்.

தொடுதல் என்றால் பொருள் தோலில் படுவது என்று பலரும் நினைக்கிறார்கள். கை சும்மா இருந்தால் அதற்கு அதிகம் தெரியாது. சொரசொரப்பை அறியத் தேய்க்கிறோம், கடினத்தை அறிய அழுத்துகிறோம், எடையை அறியத் தூக்கிப் பார்க்கிறோம், விளிம்பை அறிய விரலை ஓட்டுகிறோம். அறிய வேண்டியது எதுவோ அதற்கேற்ப கையசைவு மாறுகிறது என்பதை சூசன் லெடர்மேன், ராபர்ட்டா கிளாட்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1987இல் விளக்கமாகக் காட்டினார்கள். துணிக்கடையில் முந்தானையை இரு விரலுக்கிடையே தேய்த்துப் பார்க்கும் எந்தப் பெண்ணுக்கும் இது புதிதல்ல. குளிர்ச்சியைத் தெரிந்துகொள்ள மட்டும் கையை அசைக்காமல் வைக்கிறோம். ஒரே அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் டம்ளரும் மரக்கரண்டியும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். டம்ளர் விரலின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்வதால் சில்லென்று இருக்கிறது.

அதனால் அந்த அம்மாவுக்குக் கொடுத்த பயிற்சியும் கையை ஓயவிடாத பயிற்சிதான். அரிசி நிறைந்த கிண்ணத்துக்குள் பொத்தானைத் தேட வேண்டும். துணித்துண்டைக் கண்மூடித் தேய்த்து, பெயர் சொல்லி, பிறகு கண்திறந்து பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். ஒரு நாளில் பல முறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள். சலிப்பு தரும் வேலை. பாதியில் விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

உணர்வு திரும்பும்வரை சூட்டை மறு கையால் சோதியுங்கள். அடுப்பருகே கண் எப்போதும் கையின்மேல் இருக்கட்டும். 1946இல் வேலூருக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயில் விரல்கள் குறுகுவதற்குப் பெரும்பாலும் காரணம், வலி தெரியாமல் பட்ட காயங்களும் அவற்றில் சேரும் கிருமிகளுமே என்று எடுத்துக்காட்டினார். நோய் சதையைத் தின்கிறது என்றே அதுவரை நம்பியிருந்தார்கள். நீரிழிவில் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் ஆபத்து இதேதான். காலிலிருந்து செருப்பு கழன்றது தெரியாமல் நடந்திருந்தால், அன்றே பாத உணர்வைச் சோதிக்கச் சொல்லுங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடம் போதும், வலிக்காது.

போன வாரம் அந்த அம்மா பருத்தியையும் பாலியஸ்டரையும் பிழையில்லாமல் சொன்னார். பட்டையும் செயற்கைப் பட்டையும் இன்னும் மாற்றித்தான் சொல்கிறார். அடுத்த முறைக்குத் தன் கடையிலிருந்தே இரண்டு துண்டு வெட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.