“கேமராவில் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள், டாக்டர்”

குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கம் பொது மருத்துவராக இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த மழைக்காலத்தில் மட்டும், தனிமையில் வாழ்ந்து உடம்பு கெட்ட முதியவர்கள் மூன்று பேர் ஒரே மாதிரி வந்துவிட்டார்கள். மூன்றாவது அம்மாவைப் பார்த்த அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவருக்கு 74 வயது. கணவர் இறந்து ஆறு வருடம். மூத்த மகன் குவைத்தில், இளையவர் பஹ்ரைனில், மகள் அயர்லாந்தில் நர்ஸ். இரண்டு மாடி வீடு, ஆளுயரத்துக்கு மேல் மதில், நான்கு கேமரா. மழை வெறித்த ஒரு காலையில் ரப்பர் பால் வெட்ட வந்தவர்தான் முதலில் கவனித்திருக்கிறார். விடிந்த பிறகும் முற்றத்து விளக்கு எரிகிறது. அம்மா செருப்புகூட இல்லாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இவரைப் பார்த்ததும் இறந்துபோன கணவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். பால் வெட்டுபவர் கத்தியைப் போட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து என்னிடம் கொண்டுவந்தார்.

ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, 116. இது 135-க்குக் கீழே போகக்கூடாது, மிகவும் இறங்கினால் புத்தி தடுமாறும். ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். சாப்பாடு என்னவென்று விசாரித்தால், மூன்று மாதமாகக் காலையில் பால் சேர்க்காத கட்டஞ்சாயாவும் ரஸ்க்கும், மதியம் கஞ்சி, இரவு மறுபடியும் கட்டஞ்சாயா. இப்படிச் சத்தில்லாமல் சாப்பிட்டுச் சோடியம் இறங்குவதற்கு மேலைநாட்டு மருத்துவர்கள் ‘தேநீரும் ரொட்டியும்’ என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். தனியாக வாழும் முதியவர்களிடம் அவர்களும் நிறையப் பார்த்ததுதான். இந்த அம்மாவின் ஃப்ரிட்ஜ் நிறைய மீன் இருந்தது, மகன் ஏற்பாட்டில். புத்தி தெளிந்த பிறகு கேட்டேன். “ஒருத்திக்காக யார் தேங்காய் அரைப்பது, டாக்டர்?” என்றார்.

மூத்தவர் போனில் அழுதார். அழுகைக்கு நடுவே சொன்னார்: “ஒரு குறையும் வைக்கவில்லை டாக்டர். நேற்றுகூடக் கேமராவில் பார்த்தேன். வராந்தாவில் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.”

இந்த ‘ஒரு குறையும் வைக்கவில்லை’யைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. மகன் பொய் சொல்லவில்லை. பணம் வருகிறது, மருந்து வருகிறது, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனால் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்த தாய் மாலை ஆறு வரை அதே நாற்காலியில் இருக்கிறார், அந்தப் பதினொரு மணி நேரத்தில் ஒருவரும் கேட்டைத் திறந்து உள்ளே வரவில்லை. கேமரா அதையும்தான் காட்டியது. அதைப் பார்த்து ‘அம்மா ஓய்வெடுக்கிறார்’ என்று நினைத்துக்கொண்டோமே, அங்கேதான் தவறு. பேச்சுத்துணை என்பது பொழுதுபோக்கு, இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் உயிருக்கு ஒன்றுமில்லை என்று படித்தவர்களே நம்புகிறார்கள். பேச ஆள் இல்லையென்றால் சமைக்கத் தோன்றாது. சமைக்காவிட்டால் சாப்பாடு சாயாவில் முடியும். மாத்திரையை விட்டாலும் கேட்க ஆள் இல்லை, கீழே விழுந்தாலும் தெரிய ஆள் இல்லை. தனிமை மனக்குறை மட்டும்தான் என்று இன்னும் எத்தனை பேர் சொல்லிக் கேட்க வேண்டுமோ!

‘தினமும் வீடியோ காலில் பேசுகிறோமே’ என்பார்கள். பேசுங்கள், நல்லதுதான். ஆனால் குவைத்தில் இரவு எட்டு மணி என்றால் இங்கே பத்தரை. அந்த அம்மா தூக்கத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்து, “சுகம்தான் மக்களே, நீ சாப்பிட்டாயா?” என்று கேட்டுவிட்டுப் படுப்பார். பிள்ளை கவலைப்படக்கூடாது என்று எந்தத் தாயும் அதைத்தானே சொல்வாள்?

கணக்கு கேட்பவர்களுக்குக் கணக்கும் இருக்கிறது. 148 ஆய்வுகள், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். அவற்றைச் சேர்த்துப் பார்த்து 2010-இல் வெளியான ஆய்வில், உறவும் நட்பும் வலுவாக இருந்தவர்கள் அந்த ஆய்வுக் காலங்களில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு 50 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. தனிமையால் ஆண்டுக்கு 8.7 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025-இல் மதிப்பிட்டது. சுகரையும் கொழுப்பையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்கிறோம், ‘இந்த வாரம் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்?’ என்று கேட்பதில்லை. மருத்துவர்களாகிய நாங்களும் கேட்பதில்லை. ‘ஓய்வு’ என்று சீட்டில் எழுதி அனுப்பிவிடுகிறோம். வீட்டார் அதை ‘வெளியே விடாதே’ என்று படித்துக்கொள்கிறார்கள்.

அப்படித்தான் ஒரு பாட்டாவை, வயதான தாத்தாவை, சாயக்கடைக்குப் போகவிடாமல் நிறுத்திவிட்டார்கள். சுகர் ஏறுமாம். நாற்பது வருடமாகத் தினமும் காலையில் நடந்துபோய், பெஞ்சில் உட்கார்ந்து, பத்திரிகையைச் சத்தமாக வாசித்து நாலு பேரோடு தர்க்கம் செய்தவர். அந்த நடையும் வாசிப்பும் தர்க்கமும் நான் எழுதும் மாத்திரைகளுக்குக் குறைந்தவை அல்ல. ஐயா, சாயாவில் சீனி வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொன்னால் போதாதா? ஆளையே ஏன் பூட்டுகிறீர்கள்?

இன்னொரு கூட்டம், முப்பது வருடம் கல்ஃபில் இருந்துவிட்டு அறுபதில் திரும்பும் ஆண்கள். ஊரில் சேக்காளிகள் யாரும் மிஞ்சியிருப்பதில்லை. மாடியில் ஒரு அறை, டிவி, சாயங்காலமானால் பாட்டில். இவர்களைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, சம்பாதித்தவர் சந்தோஷமாக இருப்பார் என்ற நினைப்பு.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தாய் தந்தையை அழைக்கும்போது ‘சுகமா?’ என்று கேட்காதீர்கள். ‘மதியம் என்ன கறி? யார் வந்தார்கள்? நீங்கள் எங்கே போனீர்கள்?’ என்று கேளுங்கள். இங்கே சாயங்காலமாக இருக்கும்போது அழையுங்கள். பக்கத்து வீட்டு எண்ணை வாங்கி வைத்து அவர்களோடும் மாதம் இரண்டு தடவை பேசுங்கள். காது மந்தமானால் கருவி வாங்கிக் கொடுங்கள். காது கேளாதவர் கூட்டத்துக்கு நடுவிலும் தனியாள்தான். கோயிலோ, பள்ளிவாசலோ, கிறிஸ்தவர்களின் அன்பியக் கூட்டமோ, போய்க்கொண்டிருந்தவரை முட்டுவலி என்று நிறுத்தாதீர்கள், ஆட்டோவுக்குப் பணம் கொடுத்து அனுப்புங்கள்.

வயதானவர் ஒருநாள் திடீரென்று பிதற்றினால், ‘வயதானால் அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நீங்களாக உப்பைக் கரைத்துக் கொடுக்கவும் வேண்டாம். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. மனம் உடைந்து பேசினால், இரவென்றும் பகலென்றும் பார்க்காமல் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள்.

அந்த அம்மாவின் மகன் பத்து நாள் லீவில் வந்தார். பக்கத்து வீட்டுப் பக்கம் மதிலை உடைத்து ஒரு சின்ன வாசல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். போன வாரம் பரிசோதனைக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அக்காவும் கூட வந்தார். சோடியம் 137. இப்போதெல்லாம் மத்தியான மீன்கறி அந்த அக்கா வீட்டு அடுப்பில்தானாம், தேங்காய் அரைப்பது இந்த அம்மாவாம்.